குவாலிட்டி சாரின் இரண்டு வீடுகள்

பெட்டிகள் இரண்டும் காரில் ஏறிவிட்டன. டீ பிளாஸ்க்கும் ஏறிவிட்டது. மனைவி மட்டும்தான் ஏற வேண்டியது பாக்கி. அப்போது பார்த்துத் தரகர் போன் பண்ணினார்.

"சார், வாடகை வீட்ல பாத்ரூம் குழாய் ஒழுகுதாம். குடியிருக்கறவங்க சொன்னாங்க. ஒரு ஆளை அனுப்பிடட்டுமா?"

"ஆளா? எதுக்கு ஆளு? நானே வர்றேன்."

"என்னங்க, யாராவது பிளம்பரை அனுப்பச் சொல்லுங்களேன்" என்றாள் மனைவி, அவ்வளவு அழுத்தமில்லாமல்.

"பிளம்பர் பண்ணின வேலையை யாரும்மா செக் பண்றது? அதுக்கும் நான்தானே போகணும்? ஏரி எங்கேயும் ஓடிடாது. அடுத்த வாரம் போலாம்."

மனைவி பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

பிரஷர் குக்கர் தொழிற்சாலையில் தரச்சோதனைப் பிரிவில் காலம் தள்ளியவர் அவர். 'குவாலிட்டி சார்' என்பது அங்கே வந்த பெயர். ஓய்வு பெற்ற பிறகும் அது அவரை விட்டுப் போகவில்லை. அவரும் அதை விடுவதாக இல்லை. கடைசி நாளன்று எல்லோரும் மாலையையும் கைக்கடிகாரத்தையும் வாங்கிக்கொண்டு வருவார்கள். இவர் கூடவே ஒரு பெரிய கட்டு சோதனைச் சீட்டுகளையும் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். பச்சை என்றால் சரி. மஞ்சள் என்றால் மறுசோதனை. சிவப்பு என்றால் தள்ளுபடி.

அதன் பிறகு வீட்டில் சீட்டு ஒட்டாத பொருள் இல்லை என்று ஆகிவிட்டது. உப்பு ஜாடிக்கு மஞ்சள்: மூடி தளர்வு. மனைவி உட்கார்ந்து புத்தகம் படிக்கும் ஜன்னலோர நாற்காலிக்குச் சிவப்பு: வெளிச்சம் போதாது. ஒருநாள் அவள் தலையணையிலேயே ஒரு மஞ்சள் சீட்டு இருந்தது. 'பகல் தூக்கம் - மறுசோதனை.'

மனைவியும் சும்மா இருந்தவள் இல்லை. தொலைபேசி நிலையத்தில் ஷிஃப்ட் மாற்றி ஷிஃப்ட் வேலை பார்த்தவள். அவர் வீட்டில் இருக்கும்போது அவள் வேலையில், அவள் வீட்டில் இருக்கும்போது அவர் வேலையில் என்றே கல்யாண வாழ்க்கை ஓடிவிட்டது. அவளுடைய பென்ஷன் அவள் கணக்கில் விழுந்தது. அந்த வீட்டில் அவர் சோதித்துப் பார்க்காத ஒரே விஷயம் அதுதான்.

ஓய்வுப் பணத்தில் அவர் இரண்டு வீடு வாங்கினார். நகரத்துக்குள்ளேயே மூன்றாவது மாடியில் ஒரு சின்ன வீடு, வாடகைக்கு விட. ஊருக்கு வெளியே, மலையடிவாரத்தில் ஏரியைப் பார்த்தபடி இன்னொரு வீடு, ஓய்வாகப் போய்த் தங்க.

"ஒண்ணு நமக்குச் சம்பாதிச்சுக் குடுக்கும். இன்னொண்ணு நம்மளைச் சந்தோஷமா வெச்சுக்கும்" என்றார் மனைவியிடம்.

சீட்டுக் கட்டை ஒதுக்கிவைத்துவிட்டுப் பார்த்தால், மனிதருக்கு இருந்தது ஒரே ஒரு ஆசைதான். ஏரி வீட்டின் முன்கூடத்தில் ஒரு கூடை ஊஞ்சல் போட வேண்டும். அதில் அவளை உட்காரவைத்து, பக்கத்தில் தானும் ஒரு நாற்காலி போட்டு உட்கார வேண்டும். இத்தனை வருஷமாகச் சேர்ந்து உட்காராததையெல்லாம் உட்கார்ந்து தீர்க்க வேண்டும். ஊஞ்சலை வாங்கியும் விட்டார்; இந்த ஆசையை மட்டும் மனைவியிடம் சொன்னதில்லை. சொல்ல வெட்கமாக இருந்தது.

முதல் தடவை போனபோது அட்டவணை ஒன்று எழுதிச் சுவரில் ஒட்டினார். ஏரி பார்த்தல், டீ, நடை, ஓய்வு, மறுபடியும் ஏரி பார்த்தல். ஓய்வு நேரத்தில் மனைவி ஒழுங்காக ஓய்வெடுக்கிறாளா, தூங்கிவிட்டாளா என்று இரண்டு தடவை எழுப்பிக் கேட்டார். திரும்பி வரும்போது, "எப்படி இருந்தது?" என்று கேட்டதற்கு அவள், "ஏரி நல்லாருந்துது" என்றாள்.

வாடகை வீட்டு விஷயத்தை மனைவிதான் முடித்தாள். அவர் ஏரி வீட்டில் திரைச்சீலை மாட்டிக்கொண்டிருந்த சமயம், "இங்க நான் பாத்துக்கறேன்" என்று சொல்லித் தரகர் அலுவலகத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தாள். வீட்டுப் பொறுப்பு முழுக்கத் தரகருடையது. வாடகை மாதம் பிறந்தால் வந்துவிடும். ஆனால் முன்கூட்டிச் சொல்லாமல் உரிமையாளர் அந்தப் பக்கம் வரக் கூடாது.

"இது என்ன கண்டிஷன்? என் வீட்டுக்கு நான் போகக் கூடாதா?"

"குடியிருக்கறவங்களுக்கு நிம்மதி வேணுமாம்ங்க" என்றாள் மனைவி.

வாடகை ஒருநாள்கூடத் தவறவில்லை என்பதால் அவரும் விட்டுவிட்டார்.

குழாய்க்காகக் கருவிப் பெட்டியும் கையுமாக அவர் போய் இறங்கியபோது, வாசலில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த காவலாளி சாவியைக் கொடுத்தார்.

"மூணாவது மாடி குழாய் ரிப்பேரா? போங்க மேஸ்திரி. ஆள் இல்ல, வெளிய போயிருக்காங்க."

மேஸ்திரி! தான் யார் என்று சொல்ல வாயெடுத்தார். ஆனால் அந்த வார்த்தையில் இருந்த மரியாதை அவருக்குப் பிடித்துப்போயிற்று. பேசாமல் மாடியேறினார்.

வீட்டைப் பார்த்ததும் அவருக்குக் கை துறுதுறுத்தது. ஒரு கட்டில். ஒரு பிரம்பு நாற்காலி. தரையில் கதைப் புத்தகங்கள் குவியலாக. அடுப்பில் சமைத்த அடையாளமே இல்லை. சுவரில் கடிகாரம்கூட இல்லை. கட்டிலில் போர்வை மடிக்காமல் கிடந்தது.

போர்வைக்கு ஒரு மஞ்சள் சீட்டு, புத்தகக் குவியலுக்கு ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டிவிட்டுக் குழாயிடம் போனார். ஒழுகலை நிறுத்த இறுக்கினார். நின்றது. இன்னும் கொஞ்சம் இறுக்கினார். குழாய் கையோடு வந்தது. சுவருக்குள் எங்கேயோ படக்கென்று ஒரு சத்தம் கேட்டது. பிறகு நடந்ததைக் கீழ் வீட்டுக்காரர்கள் இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

உண்மையான பிளம்பர் வந்து சேர்வதற்குள் கட்டிலும் மெத்தையும் ஊறிப்போயின.

இறங்கி வரும்போது காவலாளியிடம் கேட்டார். "இந்த மேல் வீட்ல யாருங்க, என்ன பண்றாங்க?"

"காலைல வருவாங்க, நல்லாத் தூங்குவாங்க, சாயங்காலம் கிளம்பிடுவாங்க. தங்கமான மனுஷங்க. ஒரு சத்தம் கிடையாது."

குவாலிட்டி சாருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் சொன்னார்.

"சின்னப் பையன்மா. ராத்திரி வேலை போலருக்கு. பகல் முழுக்க இழுத்துப் போத்திக்கிட்டுத் தூக்கம். சமையல் கிடையாது, ஒரு ஒழுங்கு கிடையாது. கடிகாரம்கூட இல்ல. சோம்பேறின்னா அப்படி ஒரு சோம்பேறி!"

"பாவம்ங்க. எங்க அலுத்துக் களைச்சு வருதோ என்னவோ" என்றாள் மனைவி.

அன்றிலிருந்து அவர்கள் வீட்டில் அந்தப் பையனுக்கு 'நைட் ஷிஃப்ட்' என்று பெயர் நிலைத்துவிட்டது.

"கட்டில் நனைஞ்சு போச்சே, என்ன பண்றது?" என்று கவலைப்பட்டார்.

"நம்ம ஏரி வீட்ல ஒரு கட்டில் இருக்கே, மெத்தையோட. அதைக் குடுத்துடுங்களேன். நாம அங்க எப்பவோதானே போறோம்?"

தப்பு தன் மேல் என்பதால் அவரால் மறுக்க முடியவில்லை. கட்டில் ஏரிக்கரையிலிருந்து மூன்றாவது மாடிக்கு வந்தது.

அடுத்த முறையும் பெட்டிகள் காரில் ஏறின. அடுத்த முறையும் தரகர் போன் பண்ணினார். மின்விசிறி சத்தம் போடுகிறதாம்.

"நீங்க எதுக்கு சார் சிரமப்பட்டுக்கிட்டு, ஒரு எலக்ட்ரீஷியனை..."

"வெச்சிருங்க போனை. வர்றேன்."

இந்தத் தடவை போனபோது அவர் ஒட்டிய மஞ்சள் சீட்டு ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. கட்டிலின் மேல் கிடந்த புத்தகத்தில் மட்டும், படித்த பக்கத்துக்கு அடையாளமாக ஒரு சிவப்புச் சீட்டு செருகியிருந்தது. தன் சீட்டு ஒருவருக்குப் பயன்படுகிறதே என்று அவருக்குப் பெருமை பிடிபடவில்லை. தான் அங்கே மஞ்சள்தானே ஒட்டினோம் என்பது, எத்தனையோ குக்கர்களில் மயிரிழைக் கீறலைக் கண்டுபிடித்தவருக்குத் தோன்றவே இல்லை.

மின்விசிறியைக் கழற்றித் துடைத்து, எண்ணெய் போட்டு மாட்டினார். சத்தம் அறவே நின்றது. ஒரு திருகாணி மட்டும் கையில் மிச்சமிருந்தது. அது எங்கே போகவேண்டியது என்று அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே இறக்கை ஒன்று கழன்று பறந்து பிரம்பு நாற்காலியின் முதுகைப் பிளந்தது.

"ஆள் இருந்திருந்தா?" என்றார் வீட்டுக்கு வந்து, வேர்த்து விறுவிறுத்துப்போய்.

மனைவிக்கு முகம் வெளுத்துவிட்டது. பிறகு, "ஊஞ்சலைக் குடுத்துடுங்க" என்றாள்.

"ஊஞ்சலா? அது உனக்காக வாங்கினதும்மா!"

"அதனாலதாங்க சொல்றேன். என்னோடதைக் குடுத்தா எனக்கு ஆறுதலா இருக்கும்."

எவ்வளவு பெரிய மனசு என்று நினைத்துக்கொண்டார். ஊஞ்சலும் வந்தது. அதைத் தானே மாட்டுவதாக அவர் சொன்னபோது, தரகர் முதன்முறையாகக் குரலை உயர்த்தி, "ஆள் வெச்சு மாட்டிட்டேன் சார்!" என்றார்.

அதற்கடுத்த முறை ஜன்னலைச் சரியாகச் சாத்த முடியவில்லை என்று புகார் வந்தது. இழைப்புளியால் சீவினார். சாத்த முடிந்தது. பிறகு திறக்கவில்லை. இழுத்துத் திறந்த வேகத்தில் கண்ணாடியும் நொறுங்கியது; திரைச்சீலையும் கிழிந்தது. ஏரி வீட்டின் நீலத் திரைச்சீலைகள், அவரே ஏணி போட்டு மாட்டியவை, கிளம்பி வந்தன. கூடவே, "பாவம், வெறும் டம்ளர்ல குடிக்குது போலருக்கு" என்று மனைவி சொன்னதால் டீக் கோப்பைகளும், "படிக்கிற பிள்ளைதானே" என்று சொன்னதால் மேசை விளக்கும் வந்தன.

ஏரி வீட்டில் மிச்சமிருந்தது ஏரியும் அட்டவணையும்தான்.

அந்த வருஷம் மழை நன்றாகப் பெய்தது. ஏரி தளும்ப நிரம்பியிருப்பதாக அங்கே தோட்டம் பார்த்துக்கொள்பவர் போனில் சொன்னார். குவாலிட்டி சார் ஜன்னலோரம் போய் நின்றார். பகல் நேரங்களில் வீடு வெறிச்சென்றுதான் இருந்தது. மனைவியின் அக்காவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆனதிலிருந்து, காலைச் சாப்பாடு முடிந்ததும் அவள் அக்காவைப் பார்த்துக்கொள்ளப் போய்விடுவாள். விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் திரும்புவாள். அக்காவுக்கு எப்போது குணமாகும் என்று கேட்டால், "முட்டியாச்சே, லேசுல சரியாகாது" என்பாள். ஆனால் சமீபகாலமாக அவள் முகத்தில் ஒரு தெளிவு வந்திருந்தது. சின்னதாகப் பாட்டுக்கூட முணுமுணுத்தாள். இந்த நல்ல முகத்தோடு அவளை ஏரிக்கரையில் உட்காரவைக்க வேண்டும் என்று அவருக்குத் தவிப்பாக இருந்தது.

அவளுக்காக வாங்கிய ஊஞ்சலில் எவனோ ஒருவன் ஆடிக்கொண்டிருக்கிறான்! நினைக்க நினைக்க அவருக்குப் பொறுக்கவில்லை.

"ஏம்மா, அந்த நைட் ஷிஃப்ட்டைக் காலி பண்ணச் சொல்லிடலாமா?" என்று கேட்டுப் பார்த்தார்.

மனைவியின் கையிலிருந்த கரண்டி நழுவியது. "எதுக்குங்க? ஒழுங்கா வாடகை வருது. யார் வம்புக்கும் போறதில்ல. இருந்துட்டுப் போகட்டுமே!"

"நல்லாத் தூங்கறான்மா அவன். நாமதான் இங்க..."

"தூங்கட்டும்ங்க" என்றாள் அவள். குரல் கெஞ்சுவது போலிருந்தது. "யாராவது ஒருத்தர் நிம்மதியாத் தூங்கறது அவ்வளவு பெரிய குத்தமா?"

அவளுக்கு இளகிய மனசு, அவளிடம் கேட்டால் நடக்காது என்று தீர்மானித்தார். மறுநாள் அவள் அக்கா வீட்டுக்குக் கிளம்பிய பிறகு, அவர் ஒரு சின்ன வேனைப் பிடித்தார். தரகரிடம் சொல்லவில்லை. நைட் ஷிஃப்ட்டை எழுப்பி, நேருக்கு நேர் பேசி, காலி பண்ணச் சொல்லிவிட்டு, ஊஞ்சலையும் திரைச்சீலையையும் கட்டிலையும் ஏற்றிக்கொண்டு போய் ஏரி வீட்டில் மாட்டிவிட வேண்டும். சாயங்காலம் மனைவியைக் கூட்டிக்கொண்டு போய்க் கதவைத் திறந்து காட்ட வேண்டும். ஒரு சீட்டுகூட ஒட்டுவதில்லை என்று மனசுக்குள் சத்தியமே செய்துகொண்டார். அந்த அட்டவணையையும் கிழித்துவிடலாம்.

வேன் வந்து நின்றதும் காவலாளி ஓடி வந்தார். உதட்டில் விரல்.

"மேஸ்திரி, மேஸ்திரி! ஹாரன் அடிக்கச் சொல்லாதீங்க. இன்னைக்கு என்ன ரிப்பேர்? எனக்கு யாரும் சொல்லலையே?"

"ரிப்பேர் இல்ல. மேல போய் ஆளை எழுப்பணும். சாமான் ஏத்தணும்."

"ஐயோ, வேண்டாம். இப்பதான் கண் அசந்திருப்பாங்க. ஊஞ்சல்ல ஆடிக்கிட்டே புஸ்தகம் படிப்பாங்க, அப்படியே தூங்கிடுவாங்க. சாயங்காலமா வாங்களேன்."

"யோவ், வழியை விடுய்யா" என்று பொறுமை இழந்தார் குவாலிட்டி சார். "நான் மேஸ்திரியும் இல்ல, ஒண்ணும் இல்ல. இந்த வீட்டு ஓனர் நான்தான்!"

காவலாளி அவரை மேலும் கீழும் பார்த்தார். கையிலிருந்த ஸ்பேனரைப் பார்த்தார். வாயைப் பொத்திக்கொண்டு, சத்தம் மேலே கேட்காதபடி சிரித்தார்.

"நீங்க ஓனரா? நல்லாச் சொன்னீங்க மேஸ்திரி! ஓனரம்மாதான் மேல தூங்கறாங்க. வீட்ல அவங்க வீட்டுக்காரர், தூங்கிட்டாங்களான்னு கேக்கறதுக்கே எழுப்புவாராம்."