பன்னிரண்டு சட்டிகள்

எண்பத்திரண்டு ஏப்ரல், திங்கள் காலை ஏழரை மணி. பன்னிரண்டாவது சட்டியும் சொட்டவில்லை.

மண்ணையும் உமியையும் பிசைந்து சுட்ட சட்டி. சூளையில் உமி எரிந்து நுண்துளையாகும். கிணற்றுத் தண்ணீரை ஊற்றினால் கிருமி சட்டியில் தங்கும்; நல்ல தண்ணீர் கீழே வாளியில் சொட்டும். கலந்தர் இதையெல்லாம் வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பின் பள்ளிவாசலில் பன்னிரண்டு ஆண்களுக்கு விளக்கினான். தலையாட்டினார்கள். ஆளுக்கொரு சட்டி கொடுத்தனுப்பினான்.

வியாழக்கிழமை சுகாதாரக் கந்தோரிலிருந்து மேலதிகாரி நல்லரெத்தினம் பார்க்க வருகிறார். சட்டிகள் சொட்டினால் கலந்தரின் தற்காலிக வேலை நிரந்தரமாகும்.

"தண்ணி ஒழுகுதா ராத்தா?" என்று பன்னிரண்டாவது வீட்டுப் பாத்தும்மாவிடம் கேட்டான்.

"ஒரு சொட்டும் இல்ல தம்பி," என்று சிரித்தாள்.

எல்லா வீட்டிலும் அப்படித்தான் சிரித்தார்கள்.

துளைகள் அடைத்திருக்கும் என்று வீடு வீடாகப் போய்த் தேங்காய்த் தும்பால் தேய்த்தான். கொஞ்சம் கசிந்தது. செவ்வாய் காலை அதுவும் நின்றிருந்தது. கொதிநீர் ஊற்றினான். உள்ளே பசை போல எதுவோ திரண்டது. பாத்தும்மாவின் கணவர் முகைதீன்பாவா குனிந்து மோந்து பார்த்தார்.

"நோம்புக்கு இன்னம் ரெண்டு மாசம் கிடக்கே தம்பி. இப்பவே கஞ்சியா?"

புதன்கிழமை பன்னிரண்டையும் வண்டியில் ஏற்றித் தன் வீட்டுக்குக் கொண்டுவந்தான். எதற்கென்று மனைவி சுல்பிகா கேட்டாள். கந்தோர்க் கதையை அவன் வீட்டில் கதைப்பதில்லை. ஒன்றாவது சொட்டட்டும் என்று ஒரு சட்டியின் அடியில் ஆணி வைத்துத் தட்டினான்.

மறுநாள் நல்லரெத்தினம் தண்ணீர் ஊற்றிப் பார்த்தது அந்தச் சட்டியில். அவருடைய சப்பாத்து நனைந்தது.

"இதென்ன கலந்தர், வடிகட்டியா, வாய்க்காலா?"

மற்றப் பதினொன்றிலும் ஊற்றினார். சொட்டில்லை. விரலால் தட்டிப் பார்த்தார். பிழை சூளையில்தான் என்றார். குயவர்களுக்குக் கடுமையாக எழுதப்போவதாகவும், இவ்வளவு அலைந்த கலந்தரை நிரந்தரமாக்கச் சிபாரிசு செய்வதாகவும் சொன்னார். பேனையைத் திறந்தார்.

நாலு நாளுக்குப் பின் கலந்தர் ஒழுங்காக மூச்சுவிட்டான்.

தேத்தண்ணீரோடு வந்த சுல்பிகா முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.

"சேர், புதுச் சட்டியெல்லாம் ஒழுகுதெண்டு பன்னிரண்டு ஊட்டுப் பொண்டுகளும் என்னட்டத்தான் வந்தாங்க. இவர்ர பேர் கெட்டுப் போகுமெண்டு நான்தான் ஒவ்வொரு ஊடாப் போய்க் கஞ்சி காய்ச்சி ஊத்தி, எண்ணெய் பூசி, சட்டியப் பழக்கிக் குடுத்தன். இவர் தேச்சுக் கெடுத்ததயும் திரும்ப அடைச்சன். இனி ஒரு சொட்டும் ஒழுகா. வேல நிரந்தரந்தானே சேர்?"