பதட்டம் அண்ணனின் போர் நிறுத்தம்

“...ஆயிரத்து நானூறுக்குப் போயிட்டானுங்க மேக்காலத்தான்! இனியும் நாம கையக் கட்டிட்டு நின்னா நம்ம பக்கட்டு ஒரு புல்லுப் பூண்டு மிஞ்சுமா? முடிவு பண்ணிட்டேனுங்க. நாளைக்குக் காத்தால போரு. ஆயிரத்து ஐநூறு! ஆனது ஆகட்டும்!”

திருச்செங்கோட்டில் ஈரோடு ரோட்டு பேக்கரி. பஸ்ஸுக்காக நின்றிருந்த வெளியூர்க்காரர் ஒருவர், கடித்த தேங்காய் பன்னை மெல்லவும் முடியாமல் முழுங்கவும் முடியாமல் என்னைப் பார்த்தார்.

“யாரு சார் இவரு? டெல்லியில ஏதாவது பெரிய பொறுப்புல இருக்கறவரா?”

“வெல்டிங் பட்டறை வெச்சிருக்காருங்க” என்றேன்.

அவர் நம்பவில்லை. எப்படி நம்புவார்? ஒரு வாரமாக டிவியைத் திறந்தால் எல்லைப் படம். இரண்டு நாடும் முறைத்துக்கொண்டு நிற்கின்றன, இரண்டிடமும் அணுகுண்டு இருக்கிறது, யார் கை முதலில் நீளும் என்று கோட்டு போட்ட நாலு பேர் உட்கார்ந்து கத்திக்கொண்டிருக்கிறார்கள். இந்த நேரத்தில் ஒரு மனுசன் பேக்கரி வாசலில் நின்றுகொண்டு “நாளைக்குப் போரு” என்றால் பன் எப்படி உள்ளே இறங்கும்?

உலகத்தில் எந்த மூலையில் எந்த இரண்டு நாடு மோதிக்கொண்டாலும், முதலில் பதறுவது எங்கள் பதட்டம் அண்ணன்தான். அந்தந்த நாட்டு மந்திரிகளே அவருக்கு அப்புறம்தான் பதறுவார்கள். இது எங்கள் ரோட்டில் எல்லாரும் ஒத்துக்கொண்ட விஷயம்.

அவருக்கு வீட்டில் வைத்த பேர் ரேஷன் கார்டில் மட்டும்தான் இருக்கிறது. தினமும் காலையில் பேக்கரிக்குள் நுழையும்போதே, “எல்லையில பதட்டமுங்க!” என்பார். எந்த எல்லை என்று கேட்கக்கூடாது. கேட்டால் டீ ஆறிவிடும். அப்படியே பேர் நிலைத்துவிட்டது. அவர் சம்சாரத்தைக்கூட எல்லாரும் ‘பதட்டத்தூட்டக்கா’ என்றுதான் கூப்பிடுகிறோம். அந்த அக்காவும் “என்னுங்க?” என்று திரும்பிப் பார்க்கும்.

பேருக்கேற்ற உடம்பு. நான் எதிரிலேயே ஸ்பேர் பார்ட்ஸ் கடை போட்டுப் பதினெட்டு வருஷம் ஆகிறது. அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. டீயை நின்றுகொண்டு வாங்குவார், நடந்துகொண்டு குடிப்பார், பாதி டம்ளரை என் கல்லாமேல் வைத்துவிட்டு ஓடுவார். எங்கே ஓடுகிறார் என்று அவருக்கே தெரியாது. வெல்டிங் வேலை சுத்தமான வேலைதான், ஆனால் அவர் ஓட்டிய கோட்டைப் பார்த்தே அன்றைய உலக நிலவரத்தைச் சொல்லிவிடலாம். நேராகப் போயிருந்தால் சமாதானம். பாம்பு மாதிரி நெளிந்திருந்தால் எங்கேயோ கப்பலை மறித்திருக்கிறார்கள்.

ஒரு தடவை தூரத்து நாடு ஒன்று அணுகுண்டு போடப்போகிறேன் என்று மிரட்டியது. அண்ணன் பட்டறையில் இருந்த கறுப்புக் கண்ணாடி அத்தனையையும் அள்ளிக்கொண்டு வந்து ஆளுக்கொன்று கொடுத்தார். “அணுகுண்டு வெடிச்சா மொதல்ல வெளிச்சந்தானுங்க வரும். நம்ம வெல்டிங் வெளிச்சமெல்லாம் அதுக்கு முன்னால மின்மினிப் பூச்சி. மாட்டிக்கங்க சாமி, கண்ணு முக்கியம்.” அன்புக்குக் கட்டுப்பட்டு டீ மாஸ்டரும் மாட்டிக்கொண்டார். அன்றைக்கு முப்பது டீக்கு உப்பு விழுந்தது. அந்த நாடு குண்டு போடவில்லை. “நாம தயாரா இருக்கறது தெரிஞ்சு போச்சுங்க அவனுக்கு” என்றார் அண்ணன்.

வெளியூர்க்காரர் விஷயத்துக்கு வருகிறேன். அவர் பேரில் தப்பில்லை. எங்கள் ஊரில் ‘போர்’ என்றால் ஆழ்துளைக் கிணறு. பூமியைத் துளைக்கிற ரிக் லாரிதான் எங்களுக்குச் சோறு. இங்கிருந்து கிளம்பும் வண்டி இந்தியா பூராவும் போய் ஓட்டை போடும். பட்டாளத்துப் போர் எல்லாம் எங்களுக்கு இரண்டாவது அர்த்தம்தான்.

‘மேக்காலத்தான்’ என்பதும் பக்கத்து நாடு இல்லை, பக்கத்துத் தோட்டம். அண்ணனின் பெரியப்பா மகன். பங்காளி. அண்ணன் தோட்டம் கிழக்கே, அவர் தோட்டம் மேற்கே, நடுவில் ஒரு பொழி. நாலு முழ அகல வரப்புதான், ஆனால் அதைத் தாண்டி இரண்டு பேரும் பேசி ஒன்பது வருஷமாகிறது. பாட்டன் வெட்டிய பொதுக்கிணறு வற்றியது. அவர் அறுநூறு அடிக்குப் போர் போட்டார். இவர் எண்ணூறு. அவர் ஆயிரம், இவர் ஆயிரத்து இருநூறு. பூமிக்கு அடியில் பந்தயம், மேலே ஒரு செடி நனையவில்லை.

“ஏண்ணே, தண்ணி வருதா?” என்று கேட்டேன் ஒருநாள்.

“தண்ணியா? அது கெடக்குதுங்க. குண்டு வெச்சிருக்கற நாட்டுக்காரன் போடறதுக்கா வெச்சிருக்கறான்? நம்மகிட்டயும் ஒண்ணு இருக்குதுன்னு அவனுக்குத் தெரியோணும். அவனுக்குத் தூக்கம் வரக்கூடாது. அவ்வளவுதான் கணக்கு.”

“உங்களுக்குத் தூக்கம் வருதுங்களா?”

டம்ளரை என் கல்லாமேல் வைத்துவிட்டு ஓடிவிட்டார்.

இதில் ஒரு வேடிக்கை. இரண்டு வீட்டுப் பெண்களும் தினமும் பொழியோரம் நின்று பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். கேட்டதற்குப் பதட்டத்தூட்டக்கா சொன்னது: “ஆம்பளைங்க பேச மாட்டாங்க, செரி. நாங்களும் பேசலீன்னா முருங்கக்காய்க்கு யாருகிட்டப் போறதுங்க?”

ஆக, அன்றைக்கு அண்ணன் அறிவித்தது ஆயிரத்து ஐநூறு அடிப் போர். அதுவும் பொழியிலிருந்து பத்தே அடி தள்ளி. மேக்காலத்தார் ரிக் லாரியோடு வடக்கே போயிருந்தார். ஆள் ஊரில் இல்லாத நேரம் பார்த்துப் போட்டுவிட வேண்டும் என்பது திட்டம். வெளியூர்க்காரரிடம் நான் இதை விளக்கிக்கொண்டிருக்கும்போதே, டீ மாஸ்டர் டிவியில் சத்தத்தைக் கூட்டினார். எல்லையோரத்து ஊர்களில் விளக்கை எல்லாம் அணைத்துவிட்டார்களாம். வானத்தில் ஏதேதோ பறந்து வந்து விழுகிறதாம். ராஜஸ்தான் பக்கம் படம் காட்டினார்கள், மணலும் இருட்டும்.

மாஸ்டர் நாக்கைக் கடித்துக்கொண்டு சொன்னார். “ஏனுங்கண்ணே, மேக்காலத்தாரு வண்டி அங்கதானுங்களே நிக்குது? எல்லைக்குப் பக்கத்துல ஏதோ ஊருன்னு சொன்னாங்களே?”

அண்ணன் ரிமோட்டைப் பிடுங்கிச் சத்தத்தைக் குறைத்தார். பதினெட்டு வருஷத்தில் அவர் எல்லைச் செய்திக்குச் சத்தத்தைக் குறைத்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

“எனக்கென்னுங்க?” என்றார். “நானா போகச் சொன்னேன்?”

சொன்னவர் பட்டறைக்குப் போய், ஒரு லாரியின் டூல்ஸ் பெட்டிக்குக் கொக்கி வைக்கிறேன் என்று மூடியைச் சுற்றிவர ஒட்டிவிட்டார். டிரைவர் வந்து தலையில் கை வைத்தான். “அண்ணா, உள்ள என்ற சோத்துத் தூக்கு இருக்குதுங்க!” வெல்டிங் கோடு பாம்பு மாதிரிகூட நெளியவில்லை. எங்கெங்கோ போய், எங்கேயோ திரும்பி, ஒரு இடத்தில் அறுந்து கிடந்தது.

மறுநாள் காலை சொன்னபடி ரிக் லாரி பொழியோரம் வந்து நின்றது. தேங்காய் உடைத்தாயிற்று, எலுமிச்சம்பழம் நசுக்கியாயிற்று. ஆனால் ஓட்டச் சொல்லவில்லை. “நேரம் செரியில்லீங்க” என்றார். மத்தியானம் கேட்டதற்கு, “சூலம் கெழக்காலயுங்க.” ரிக் மேனேஜர் சலித்துப்போய், “அண்ணா, நாங்க பூமிக்குள்ள போறம். அந்தத் திசைக்கு ஏதுங்க சூலம்?” என்று கேட்டார். அண்ணன் பேக்கரிக்கு வந்து டிவிக்கு நேர் கீழே நின்றுகொண்டார். கழுத்து வலிக்க வலிக்க மேலே பார்த்தார். அந்தக் கோட்டுக்காரர்கள் அணுகுண்டு, அணுகுண்டு என்று கத்தும்போதெல்லாம் இவர் செருப்பை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் பதட்டத்தூட்டக்கா என் கடைக்கு வந்தது. “தம்பி, மேக்காலத்தாரு போனுக்கு நேத்துப் புடிச்சு லைன் போகலீங்களாமா. அவரு சம்சாரம் அழுதுட்டே கெடக்கறா. எங்கூட்டுக்காரரு சோறு திங்கல. கேட்டா வெக்கையில பசிக்கலங்கறாரு. நீங்கதான் வடக்க ஆளுங்களோட பேசறீங்களே, ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க.”

அக்கா போன பத்தாவது நிமிஷம் அண்ணன் வந்தார். போல்ட்டு ஒன்றை எடுத்துப் பார்த்தார், வைத்தார், எடுத்தார்.

“சும்மா கேக்கறேனுங்க. அந்த ராஜஸ்தான் பக்கட்டு நெம்பரு ஏதாச்சும் உங்ககிட்ட இருக்குதுங்களா?”

மேக்காலத்தார் நம்பரையே போட்டேன். ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல் இந்தியில் நீளமாக ஏதோ சொன்னது. அண்ணன் என் சட்டையைப் பிடித்துவிட்டார்.

“என்னுங்க சொல்றா? ஆளு நல்லா இருக்கறான்னு சொல்றாளா?”

“ஸ்விட்ச் ஆஃப்னு சொல்றாளுங்கண்ணே.”

“அதுக்கு ஏன் அத்தனை நேரம் பேசறா? வேற என்னமோ சொல்றா. மறுக்காப் போடுங்க.”

பதினோரு தடவை போட்டோம். பதினொன்றாவது தடவை அவரே அந்தப் பெண்ணிடம், “அம்மிணி, அவன் வந்தா நான் கேட்டேன்னு சொல்லிராத” என்றார்.

மூன்றாம் நாள் மத்தியானம் ரிக் மேனேஜர் கறாராகச் சொல்லிவிட்டார். “வேற ஊர்ல கூப்படறாங்கண்ணா. போடறதுன்னாச் சொல்லுங்க, இல்லீன்னா வண்டிய எடுத்துட்டுக் கெளம்பறம்.” அண்ணன் மேற்கே பார்த்தார். மேக்காலத் தோட்டத்தில் மோட்டார் ரூம் பூட்டிக் கிடந்தது. “செரி, போடுங்க” என்று கையை ஆட்டினார். காரியத்துக்குப் பந்தல் போடச் சொல்கிறவர் முகம் மாதிரி இருந்தது என்று மேனேஜர் பிற்பாடு சொன்னார்.

ரிக் ஓடினால் எங்கள் ரோடு முழுக்க அதிரும். வெள்ளைப் புழுதி பேக்கரி வரைக்கும் வந்துவிடும். ஓடிக்கொண்டிருந்தது. நாலரை மணி வாக்கில் ரிக் ஆப்பரேட்டர் எட்டு டீ கேட்டு பேக்கரிக்குப் போன் போட்டான். அதே நேரம் டிவியில் கொட்டை எழுத்தில் சிவப்பாக ஓடியது. மாஸ்டருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. போனில் கத்தினார்.

“டீ வருதப்பா! போர் நிறுத்தமாமா! போர நிறுத்தச் சொல்லிட்டாங்க!”

அந்தப் பக்கம் ரிக் இரைச்சல். அதில் ஆப்பரேட்டர் காதில் விழுந்தது கடைசி மூன்று வார்த்தை மட்டும். அவன் பாவம், சொன்னதைச் செய்கிறவன். நிறுத்திவிட்டான்.

ஊரே காது அடைத்த மாதிரி ஆகிவிட்டது. அந்த அமைதிக்குள்ளிருந்து அண்ணனின் மொபெட் சத்தம் மட்டும் வந்தது. தலை முதல் கால் வரை வெள்ளைப் புழுதி, மாவில் புரண்ட ஆள் மாதிரி. கண் மட்டும் கறுப்பு.

“எவண்டா அது? எவண்டா என்ற போர நிறுத்தச் சொன்னது?”

மாஸ்டர் பயந்துபோய் டிவியைக் காட்டினார். அண்ணன் பார்த்தார். போர் நிறுத்தம். எழுத்துக்கூட்டி மறுபடி படித்தார்.

அப்போதுதான் அவர் சட்டைப்பையில் போன் அடித்தது. தெரியாத நம்பர். புழுதிக் கையால் அமுக்கியதில் ஸ்பீக்கர் ஆன் ஆகிவிட்டது. பேக்கரி மொத்தமும் கேட்டோம்.

“ஏப்பா, நாந்தான்! என்ற போனு சார்ஜ் இல்லாம செத்துப்போச்சு. இது இங்க ஒரு கடைக்காரன் போனு. பொழியோரம் ரிக்கு நிக்குதாமா? இப்பத்தான் ஊட்டுல பேசினேன், சொன்னா. நான் இல்லாத நேரம் பாத்துப் போடறயா? எத்தனை அடிக்குப் போட்டே?”

மேக்காலத்தார். ஒன்பது வருஷம் கழித்து. யாரோ ஒருவருடைய போனில், மனப்பாடமாக வைத்திருந்த நம்பருக்கு.

அண்ணன் போனைச் சட்டையில் துடைத்துவிட்டு வாய்க்கு நேராகப் பிடித்தார்.

“அங்க தலைக்கு மேல குண்டு பறக்குது, உனக்குப் போரா முக்கியம்?”

“குண்டு எங்க உழுந்துச்சோ, எனக்குத் தெரியாது. போரு என்ற பொழியோரமல்லோ! எத்தனை அடி? சொல்லு!”

அண்ணன் ஒரு தரம் டிவியைப் பார்த்தார். ஒரு தரம் புழுதி அடங்கிக்கொண்டிருந்த தன் தோட்டத்துப் பக்கம் பார்த்தார். மாஸ்டர் செய்த தப்பைச் சரிசெய்ய ஒரு வார்த்தை போதும். ஆப்பரேட்டர் மறுபடி ஓட்டிவிடுவான்.

“போர நிறுத்தியாச்சு சாமி” என்றார். “நீ ஊடு வந்து சேரு.”

போனை மேசைமேல் வைத்தார். ஒரு பெஞ்சை இழுத்தார். அதில் உட்கார்ந்து, மாஸ்டர் கொடுத்த டீயைக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார்.