காட்டுக்கோழியும் சின்ன வெல்டிங் மிஷினும்

ஒரு காட்டில் வீட்டுக்கு வீடு கரன்ட் இருந்தது. சிங்கம் இருந்ததா என்று கேட்காதீர்கள். இந்தக் கதைக்கு அது தேவையில்லை.

அங்கே பூவாயி என்ற காட்டுக்கோழி வாழ்ந்தது. ஏழு குஞ்சுகள். போன வாரம் மாயாண்டி என்ற காட்டுப்பூனை ஒன்றைத் தின்றுவிட்டது. தின்றோமா போனோமா என்று இல்லை. "வெள்ளிக்கிழமை வர்றேன், அடுத்தது ரெடியா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வேறு போனது.

பூவாயியின் மரப்பொந்துக்குக் கதவு கிடையாது. கம்பிக் கதவு போட மரங்கொத்தியைக் கூப்பிட்டால், "தீபாவளி கழிச்சு வர்றேன்க்கா" என்றது. அதுவரைக்கும் குஞ்சு மிஞ்சுமா? நாமே வெல்டிங் வைப்போம் என்று பூவாயி நரியின் மிஷின் கடைக்குப் போனது.

கடை வாசலில் பெரியசாமி யானை நின்றது. அது எதையும் வாங்காது. எல்லாருக்கும் யோசனை மட்டும் சொல்லும்.

"வாங்குறதுதான் வாங்குற, நானூறு ஆம்பியரா வாங்கும்மா. அப்பதான் கெத்து."

நரி தலையை ஆட்டியது. "உன் பொந்துல இருக்கறது சாதா வீட்டு கரன்ட்டுதான்க்கா. அது தாங்காது. நீ ஒட்டப்போறது மெல்லிசுக் கம்பி. இந்தச் சின்ன மிஷின் போதும், ஏசி மாட்டுற பிளக்குலயே ஓடும்."

பூவாயி யோசித்தது. கதைகளில் நரி பேச்சைக் கேட்ட கோழி எதுவும் உருப்பட்டதில்லை. எனவே நானூறையே வாங்கியது. யானைதான் தூக்கி வந்து வைத்தது.

பூவாயி சுவிட்சைப் போட்டது. டப்! காடு முழுக்க கரன்ட் போச்சு. முதல் ஆளாக ஓடிவந்து கத்தியதும் யானைதான்.

"எவ அவ? என் ஃபேன் நின்னு போச்சு!"

"நீங்கதானே அண்ணாச்சி வாங்கச் சொன்னீங்க?"

"வாங்கத்தானே சொன்னேன். போடச் சொன்னேனா?"

புதன்கிழமை பூவாயி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு கடைக்குப் போனது. நரி ஒரு வார்த்தை திட்டவில்லை. சின்ன மிஷினை மாற்றிக் கொடுத்தது. கூடவே கருப்புக் கண்ணாடி வைத்த முகமூடி ஒன்று.

"இதைப் போடாம அந்த வெளிச்சத்தைப் பார்க்காதக்கா. பார்க்கும்போது வலி ஒண்ணும் தெரியாது. மறுநாள் கண்ணுல மணலை அள்ளிப் போட்ட மாதிரி இருக்கும்."

வியாழக்கிழமை பூவாயி வேலையை ஆரம்பித்தது. மிஷின் ஓடியது, கரன்ட் போகவில்லை. ஆனால் பூவாயிக்கு வேலை தெரியாதே. உருக்கி ஒட்டுகிற ராடு கதவுக் கம்பியோடு ஒட்டிக்கொண்டது. பிடுங்கினால் இன்னொரு இடத்தில் ஒட்டியது. அந்த நேரம் பார்த்து மாயாண்டி வந்து எதிர்ப் பாறையில் உட்கார்ந்தது.

"இன்னைக்கு வியாழன்தானே?" என்றது பூவாயி.

"சும்மா வேடிக்கை பார்க்க வந்தேன். நீ ஒட்டு, ஒட்டு. நாளைக்கு நான் கதவைத் தள்ளுறப்ப உன் மூஞ்சி எப்படிப் போகுதுன்னு பார்க்கணும்."

சாயங்காலம் வரை கண் கொட்டாமல் பார்த்தது. நடுவில் ஒரே ஒரு தடவை, "கண்ணு கூசுது, அந்தக் கண்ணாடியைக் கொஞ்சம் குடேன்" என்றது.

"ஒண்ணுதான் இருக்கு" என்றது பூவாயி.

கதவு ஒரு வழியாக முடிந்தது. கோணல் என்றால் அப்படி ஒரு கோணல். ஆறாவது குஞ்சு அதைப் பார்த்து, "அம்மா, இது கதவா?" என்று கேட்டு ஒரு கொத்து வாங்கியது.

வெள்ளிக்கிழமை மாயாண்டி சொன்னபடி வந்தது. கண் இரண்டும் வீங்கி, தண்ணீர் கொட்ட, மரத்துக்கு மரம் முட்டிக்கொண்டு வந்தது. கதவை ஒரு விரலால் தொட்டது. அவ்வளவுதான். வெல்டிங் மொத்தமும் விட்டுப்போய்க் கதவு அதன் காலிலேயே விழுந்தது. வலியில் கத்திக்கொண்டு உள்ளே பாய்ந்து, குஞ்சு என்று நினைத்து முகமூடியைக் கடித்தது. ஒரு பல் போனது. "சூனியக்காரி!" என்று அலறிக்கொண்டு ஓடியது. திரும்ப வரவே இல்லை.

வழியில் அதைப் பார்த்த யானை, "பாவம், எப்படி அழுவுறான் பாருங்க. திருந்திட்டான். எல்லாம் நான் சொன்ன யோசனை" என்று காடு முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

பூவாயி அதற்கப்புறம் கதவைத் திரும்ப மாட்டவே இல்லை. வியாழக்கிழமை தோறும் வாசலில் உட்கார்ந்து, எதையும் ஒட்டாமல், சும்மா கொஞ்ச நேரம் பொறி மட்டும் கிளப்புகிறது.

நீதி: கதவு கோணலாக வந்தாலும் பரவாயில்லை, கருப்புக் கண்ணாடியை மட்டும் எதிரிக்கு இரவல் கொடுக்காதே.