இலையில் உருளாத தண்ணீர்

பழைய பேட்டரியை உடைத்து ஈயம் உருக்கும் ஷெட்டின் முதலாளி அவர்களே, எங்கள் தெருவிலிருந்து மெழுகு சாரை விரட்டியது நீங்கள்தான். சுற்றி வளைத்துப் பேச எனக்குத் தெரியாது.

குமரி மாவட்டத்தில், கல்யாணப் பந்தியில் சோறு விழும் முன்பே இரண்டு வீட்டாரிடமும் திட்டு வாங்கிய ஒரே மனிதர் மெழுகு சார். எந்நேரமும் இலை மெழுகைப் பற்றியே பேசுவதால் அந்தப் பெயர்; சொந்தப் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. புதுக்கடை ஊர்ப் பக்கத்துக்காரர். கல்லூரியில் தாவரவியல் வாத்தியார். கொட்டாரம் ஊருக்குப் பக்கத்தில் எங்கள் தெருவில் வாடகைக்கு இருந்தார். ஈயம் மாதிரி உலோகங்கள் மண்ணில் கலந்தால் பயிர் இலையின் கொழுப்பு என்ன ஆகிறது என்பது அவருடைய ஆராய்ச்சி. ஒரு இடத்தில் நிற்கமாட்டார். டீ ஆற்றி வருவதற்குள் கடைக்காரரின் கறிவேப்பிலைச் செடியைப் பாதி மொட்டையாக்கியிருப்பார்.

ஆராய்ச்சி இலைகளைக் காயப்போட்டது துணிக்கொடியில். வீட்டுக்காரம்மாவின் சேலைக்கு நடுவே கத்தரி இலையும் வெண்டை இலையும் கிளிப்பில் தொங்கும்.

"இலைக்கு ஏது சார் கொழுப்பு? அது என்ன பொரிச்ச கோழியா?" என்று அந்தம்மா கேட்டார்.

"உண்டும் அக்கா. மேல மெழுகு. உள்ள ஒவ்வொரு செல்லையும் சுத்தி எண்ணெய் மாதிரி ஒரு தோலு. ஈயம் ஏறிச்சுன்னா அது காறிப் போவும், பழைய தேங்காயெண்ணெய் கணக்கா. பின்னே உள்ள இருக்கது எல்லாம் ஒழுகிரும்."

"அப்போ நான் சேலைய எடுத்துக்கிடுதேன்."

நான் வாழையிலை வியாபாரி. ஒரு கல்யாணத்துக்கு என் தோட்டத்து இலை. எல்லாரும் இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்துவிட்டுக் காத்திருக்க, சார் மட்டும் துடைக்கவில்லை. கன்னத்தை மேசையில் வைத்து, ஒற்றைக் கண்ணால் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, "துடைக்காதியோ, துடைக்காதியோ" என்றபடி பந்தி முழுக்க ஊற்றிக்கொண்டே போனார். ஒரு பெரியவரின் வேட்டி நனைந்தது.

"சார், உக்காருங்க. பருப்பு ஆறுது" என்று வாளியோடு நின்றவன் கெஞ்சினான்.

பெண்ணின் தாய்மாமன் வந்தார். "ஏலே, இந்தாளு மாப்ள வீட்டுக்காரனா?"

"உங்காளுன்னுல்லா நாங்க பொறுத்துக்கிட்டு இருக்கோம்" என்றார்கள் மாப்பிள்ளை வீட்டார்.

சார் காதில் எதுவும் ஏறவில்லை. "இந்த இலையில தண்ணி உருளுது. இதுல பரந்து கெடக்கு. இது எந்தத் தோட்டம்?"

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. "எந் தோட்டம்தான் வே. கல்யாண வீட்டுல வச்சு எம் பொழப்பக் கெடுக்கீரா?"

மறுநாள் காலையில் சார் என் தோட்டத்தில் நின்றார். மேட்டு வாழையில் தண்ணீர் முத்தாக உருண்டது. உங்கள் ஷெட் கழிவு இறங்கும் வாய்க்கால் ஓரத்து வாழையில் சப்பென்று படிந்தது.

"அப்போ ஈயம்தான்" என்று குதித்தேன்.

"சும்மா பறையப்பிடாது. மெழுகு குறைய நூறு காரணம் உண்டும். மண்ணையும் இலையையும் கொண்டுபோய்ப் பாக்கணும்."

பார்த்தார். மண்ணில் ஈயம். இலையில் ஈயம். இலையின் கொழுப்பும் காறிப்போயிருந்தது. யாரிடமும் புறம் பேசாமல் நேரே உங்கள் ஷெட்டுக்கு வந்து, உங்களிடமே சொன்னார். நீங்கள் என்ன செய்தீர்கள்? சாரைக் காலி செய்ய வைக்கச் சொல்லி, அவருக்கு வீடு கொடுத்தவரை மிரட்ட ஆள் அனுப்பினீர்கள். கல்லூரிக்குப் புகார் போட்டீர்கள்.

சார் இலை போட்ட பாட்டில்களை மடியில் வைத்துக்கொண்டு சரக்கு ஆட்டோவில் கிளம்பினார். தெருமுனையில் வண்டியை நிறுத்தி என்னைக் கூப்பிட்டார். "அந்த ஓரத்து இலைய யாருக்கும் வெட்டிக் குடுத்துராதியோ, கேட்டியளா." அவ்வளவுதான் அவர் விடைபெற்றது.

நான் வெட்டவில்லை. அந்த வாழைகள் அப்படியே நிற்கின்றன. உங்கள் ஷெட் புகைந்துகொண்டேதான் இருக்கிறது.

தை மாதம் என் மகளுக்குக் கல்யாணம். உங்களுக்கும் பத்திரிகை வரும். வாய்க்கால் ஓரத்து இலை ஒன்றை உங்கள் முன்னால் போடுவேன். தண்ணீரைத் தெளியுங்கள். அது ஏன் உருளவில்லை என்று பந்தி முழுவதும் கேட்கும்படி பதில் சொல்லுங்கள். அதன் பிறகு நல்ல இலை போடுகிறேன், சாப்பிடலாம்.

உங்கள் பக்கத்து இலையில் மட்டும் யாரையும் உட்கார விடமாட்டேன். அது மெழுகு சார் இடம்; அவருக்கும் பத்திரிகை போகும். மேசை முழுக்க நனைந்தாலும் பரவாயில்லை.