மாப்பிள்ளை கொடுத்த ஆறு ரேடியோக்கள்

அன்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

தங்கள் மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே அனைவரும் நலம், அங்கே தங்கள் நலமறிய ஆவல் என்று தொடங்குவதுதான் முறை. முறைப்படி எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் இங்கே இருப்பது நான் ஒருவன், நான் நலமாக இல்லை. அங்கே எல்லோரும் நலம் என்பது எனக்குத் தெரியும், ஏனென்றால் இந்த வீட்டின் நலத்தைப் பார்த்துக்கொள்கிறவள் பதினொரு நாளாகத் தங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். அவளைத் தாங்கள் எப்படியாவது பேசிச் சமாதானப்படுத்தி ஊருக்கு அனுப்பிவைக்க வேண்டும் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். போன் செய்யலாமே என்று நினைப்பீர்கள். செய்தேன். முதல் தடவை தங்கள் அத்தை எடுத்து, என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டாள். இரண்டாம் தடவை என் பெண் எடுத்து, "அப்பா, ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன், அம்மா பக்கத்துலதான் இருக்காங்க, பேசுங்க" என்றாள். நான் போனை வைத்துவிட்டேன். இனிமேல் பட்டன் உள்ள எந்தச் சாமானிலும் மனம்விட்டுப் பேசுவதில்லை என்று முடிவெடுத்திருக்கிறேன்.

நடந்தது என்ன என்பதைத் தங்கள் அத்தை தன் பக்கத்திலிருந்து சொல்லியிருப்பாள். என் பக்கமும் ஒன்று இருக்கிறது. போன மாதம் தாங்கள் எங்கள் சலவைக்கூடத்துக்கு வந்து, தங்கள் கம்பெனி புதிதாகக் கொண்டுவந்த வாக்கி டாக்கி ஆறை மேஜைமேல் வரிசையாக வைத்து, முக்கால் மணி நேரம் விளக்கம் சொன்னீர்கள். மாப்பிள்ளை பேசும்போது குறுக்கே பேசக்கூடாது என்பதால் நான் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன். "மாமா, புரிஞ்சுதா?" என்றீர்கள். "நல்லாப் புரிஞ்சுது மாப்பிள்ளை" என்றேன். உண்மையைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். எனக்குப் புரிந்தது, அது கறுப்பாக இருக்கிறது, பக்கவாட்டில் பட்டன் இருக்கிறது, ராத்திரி சார்ஜில் போட வேண்டும் என்பது மட்டும்தான். மறுமுனைக்கு சிக்னல் எட்டாவிட்டால் இந்த ரேடியோ பேசியதை வீணாக்காமல் தனக்குள்ளே சேமித்து வைத்துக்கொள்ளும், எப்போது எட்டுகிறதோ அப்போது தேதி, நேரம் சொல்லி ஒன்றுவிடாமல் அனுப்பிவிடும் என்று தாங்கள் சொன்னீர்களாமே, அந்த இடத்தில் நான் பாய்லர் சத்தம் ஒரு மாதிரி இருக்கிறதே என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் கட்டடம் தாங்கள் பார்த்ததுதான். நிலவறையில் ஐந்து சலவை மெஷின், அங்கே நான். தரைமட்டத்தில் பாய்லரும் வண்டி ஏற்றும் இடமும். மூன்றாம் மாடியில் இஸ்திரி, மடிப்பு, அங்கே தங்கள் அத்தை. அவளுக்குக் கீழே பன்னிரண்டு பெண்கள், அவளுக்கு மேலே யாருமில்லை. நான்தான் முதலாளி என்று போர்டில் எழுதியிருக்கிறது, போர்டு வாசலுக்கு வெளியே இருக்கிறது. தினமும் காலை ஒன்பது மணிக்கு மூன்றாம் மாடியில் எனக்கு அர்ச்சனை நடக்கும். தலையணை உறையில் கறை போகவில்லை, ஆஸ்பத்திரித் துணியையும் ஓட்டல் துணியையும் கலந்துவிட்டேன், சட்டைப் பட்டனை மாற்றிப் போட்டிருக்கிறேன். நான் வாயைத் திறக்க மாட்டேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நேராக நிலவறைக்கு இறங்குவேன். அங்கே ஐந்து மெஷின் ஓடும் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவன் பேசினாலே கேட்காது. சுவரின் கனம் ஒரு முழம். பழைய ரேடியோவின் சிக்னல் அதைத் தாண்டியதே கிடையாது. பத்து மணிக்கு ரேடியோவை எடுத்து, பட்டனை அழுத்தி, அவளுக்குச் சொல்ல வேண்டிய பதிலை முழுசாகச் சொல்லி முடிப்பேன். பட்டனை அழுத்தாமல் பேசினால் முதலாளிக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று ஆட்கள் நினைப்பார்கள் இல்லையா? அழுத்திப் பேசினால் வேலை விஷயம். பேசி முடித்ததும் நெஞ்சு லேசாகிவிடும். ஒரு மணிக்கு மேலே போய் அவளோடு உட்கார்ந்து சிரித்தபடி சாப்பிடுவேன். முப்பது வருஷமாக எங்கள் வீட்டில் சண்டையே வந்ததில்லை என்று ஊரெல்லாம் சொல்கிறார்களே, அதன் ரகசியம் இவ்வளவுதான் மாப்பிள்ளை. வேறு யாரிடமும் சொன்னதில்லை.

புது ரேடியோ வந்த பிறகும் அதே பழக்கம்தான். அதை நிலவறையில் ஒரு ஆணியில் மாட்டினேன், சார்ஜரும் அங்கேயே. ஒன்பது நாள் அது அந்த அறையைவிட்டு வெளியே வரவில்லை. வேலை விஷயமாகச் சில சமயம் மேலே கூப்பிட்டுப் பார்த்தேன், பதில் வரவில்லை. பழைய ரேடியோவிலும் வராது என்பதால் எனக்கு ஒன்றும் வித்தியாசமாகத் தோன்றவில்லை. மாடி ஏறிப் போய் நேரில் சொல்லிவிட்டு வந்தேன். பத்தாம் நாள் பெரிய ஓட்டலின் மேனேஜர் அம்மா எங்கள் கூடத்தைப் பார்க்க வந்தார். அவர் முன்னால் கொஞ்சம் எடுப்பாக நிற்கலாமே என்று நினைத்து, ரேடியோவை ஆணியிலிருந்து எடுத்து பெல்ட்டில் செருகிக்கொண்டு மேலே போனேன். எனக்கு ஏன் அந்த ஆசை வந்தது என்று இன்றுவரை புரியவில்லை.

தரைமட்டத்துக்கு வந்ததும் இடுப்பில் ஏதோ பச்சை விளக்கு எரிந்தது. நன்றாக இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டு படி ஏறினேன். அதற்குள் கட்டடத்திலும் வண்டியிலும் இருந்த மற்ற ஐந்து ரேடியோவும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்துவிட்டன. ஒரு பெண் குரல், பள்ளிக்கூட டீச்சர் மாதிரி, "செய்தி ஒன்று. செவ்வாய்க்கிழமை, காலை எட்டு மணி பத்து நிமிடம்" என்றது. பிறகு என் குரல்: "வண்டியை எடுக்காதே! பாதித் துணி இங்கேயே கிடக்கு, திரும்பி வா!" அது அதற்கு முந்தின வாரத்துச் செவ்வாய். எங்கள் டிரைவர், அவரை எல்லோரும் 'பிரேக்' என்றுதான் கூப்பிடுவோம், மேனேஜர் அம்மா வந்த அன்றைய துணியோடு ஓட்டல் வாசலில் இறங்கப் போனவர், முதலாளி உத்தரவு என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார். இரண்டாம் செய்தி பாய்லர்காரருக்கு. அவரை அன்றைக்கு நான் கொஞ்சம் அதிகமாகத் திட்டியிருந்தேன். மறுநாளே நேரில் போய்த் தோளில் கை போட்டு டீ வாங்கிக் கொடுத்துச் சமாதானம் செய்துகொண்டதும் உண்டு. அவர் கணக்கில் முதலில் டீ வந்தது, ஒரு வாரம் கழித்துத் திட்டு வந்தது. "டீ வாங்கிக் குடுத்துட்டுத் திட்டுறவரை இப்பத்தான் பாக்குறேன்" என்று சொல்லி ஆவியை அடைத்துவிட்டு வெளியே போய் உட்கார்ந்துவிட்டார். மூன்றாம் மாடியில் பன்னிரண்டு இஸ்திரிப் பெட்டியும் ஒரே மூச்சில் அடங்கின. அதனால் என்ன ஆயிற்று என்றால், மீதிச் செய்திகளைக் கேட்க நல்ல நிசப்தம் கிடைத்துவிட்டது.

மீதி பதினைந்து. நான் மூன்றாம் மாடி வாசலில் கால் வைக்கும்போது ஆறாவது ஓடிக்கொண்டிருந்தது. தங்கள் அத்தை ரேடியோவைக் கையில் பிடித்தபடி நின்றாள், பக்கத்தில் மேனேஜர் அம்மா, சுற்றிப் பன்னிரண்டு பெண்கள். "வியாழக்கிழமை, காலை பத்து மணி பன்னிரண்டு நிமிடம்" என்று அந்த டீச்சர் சொல்ல, அடுத்து நான், "நீ சொல்றதெல்லாம் சரிதான்டி, யார் இல்லேன்னா? சொல்ற விதம் இருக்கே, சூடான இஸ்திரிப் பெட்டியை முதுகுல வச்ச மாதிரி!" அடுத்தது, "உங்க அண்ணன் கண்ணாடி போட்டுட்டா அறிவாளியா? பார்வை சரியில்லன்னுதானே போட்டாரு?" அதற்கடுத்தது, "சாப்பாட்டுல உப்பில்ல, உப்பில்லன்னு பதினெட்டு வருஷமா சொல்லணும்னு பாக்குறேன்!" நான் என் ரேடியோவின் எல்லாப் பட்டனையும் அழுத்தினேன். எதை அழுத்தினாலும் அது அடுத்த செய்திக்குத்தான் போயிற்று. "ஐயோ, நிக்க மாட்டேங்குதே!" என்று நான் கத்தியதும் பதினெட்டாவதாகப் பதிவாகிப் போய்ச்சேர்ந்தது.

பதினொன்றாவது செய்தி தங்களைப் பற்றியது. தங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும். தெரியாவிட்டால் இந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடுங்கள். "உன் மாப்பிள்ளை விளக்கம் சொல்ல ஆரம்பிச்சா மெஷின் மூணு தடவை துவைச்சு முடிச்சுடும்" என்று சொல்லியிருக்கிறேன். ஆத்திரத்தில் வந்த வார்த்தை. தங்கள் விளக்கத்தை அன்றைக்கு ஒழுங்காகக் கேட்டிருந்தால் இந்தக் கதி வந்திருக்காது என்பதை நினைத்து, தாங்கள் சொல்வது ஒவ்வொன்றையும் இனிமேல் இரண்டு தடவை கேட்பதென்று வைத்திருக்கிறேன்.

எல்லாம் முடிந்ததும் மேனேஜர் அம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெண்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் இருமல் வந்தது. தங்கள் அத்தை கத்தவில்லை. கத்தியிருந்தால் நான் நிலவறைக்குப் போய்விட்டிருப்பேன். மேலங்கியைக் கழற்றி, நாலாக மடித்து, மேஜைமேல் வைத்து, "நான் பொண்ணு வீட்டுக்குப் போறேன். உப்பு டப்பா மேல் தட்டுல இருக்கு" என்றாள். நாலு மணி பஸ்ஸில் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு இங்கே எதுவும் அதனதன் இடத்தில் இல்லை மாப்பிள்ளை. எந்தத் துணி எங்கே போக வேண்டும் என்பது அவள் தலைக்குள் இருந்தது, நோட்டில் இல்லை. ஓட்டல் சமையல்காரர்கள் இரண்டு நாள் டாக்டர் அங்கி போட்டுச் சமைத்திருக்கிறார்கள். மடிப்பு வேலைக்குத் தலைமையாக இருக்கும் பெண்ணை மடிப்பக்கா என்போம், அவரிடம் கேட்டால், "அக்கா வந்து சொல்லட்டும்" என்கிறார். பாய்லர்காரர் நான் டீ நீட்டினாலே எழுந்து போய்விடுகிறார். வீட்டில் நானே சமைத்து, நானே உப்புப் போட்டுக்கொள்கிறேன். ஒரு நாள் போட்ட உப்பு மூன்று நாளைக்கு நாக்கைவிட்டுப் போகவில்லை. காலை ஒன்பது மணிக்குக் கால் தன்னால் மூன்றாம் மாடிக்குப் போகிறது. அங்கே யாரும் என்னை ஒன்றும் சொல்வதில்லை. பத்து மணிக்கு நிலவறையில் பட்டனை அழுத்திக்கொண்டு நின்றால், பதில் சொல்ல எதுவுமில்லை. அவள் இல்லாமல் எனக்கு முடியவில்லை. இதை அவளிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது, தாங்களே பக்குவமாகச் சொல்லுங்கள். உப்பில்லை என்றது பொய் என்று சொல்லுங்கள். அவள் அண்ணன் கண்ணாடி இல்லாமலேயே அறிவாளிதான். நான் அவளை எதிர்த்து இனி ஒரு வார்த்தை, நிலவறையில்கூட, பேச மாட்டேன் என்று சத்தியம் செய்ததாகச் சொல்லுங்கள். தாங்களும் மனது வைத்து இந்த ரேடியோக்களைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். பேசியதைப் பேசிய இடத்திலேயே மறந்துவிடுகிற பழைய மாதிரி ஏதாவது தங்கள் கம்பெனியில் மிச்சமிருந்தால் அனுப்பிவையுங்கள்.

என் பெண்ணும் தாங்களும் நோய்நொடியின்றி, ஒருவர் பேச்சை ஒருவர் பேசிய நேரத்திலேயே கேட்டு, நீண்டகாலம் வாழ மனமார வாழ்த்துகிறேன். தங்கள் அம்மா அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும்.

இப்படிக்கு,
வாயால் கெட்ட தங்கள் மாமனார்.

பி.கு.: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் மேஜைமேல் இருந்த ரேடியோ பேசியது. டீச்சர் குரல்தான்: "செய்தி ஒன்று. புதன்கிழமை, மாலை ஆறு மணி." நான் எழுந்து ஓடப் பார்த்தேன். ஆனால் வந்தது தங்கள் அத்தை குரல். போகிற அவசரத்தில் ஒரு ரேடியோ அவள் கைப்பைக்குள் போயிருக்கிறது. "என்னங்க, பஸ்ல ஜன்னல் சீட்டு கிடைச்சுது. நீங்க என்ன பண்றீங்களோ தெரியல" என்றாள். அடுத்தது, "அந்த ஓட்டல் அம்மா முன்னாடி கேட்டுப்போச்சு, நான் கோபப்படலன்னா என்ன மரியாதை இருக்கும்? அதுக்குத்தான் வந்தேன். மத்தபடி புதுசா என்ன இருக்கு? அழுக்குத் துணியை மேலேருந்து தள்ளுற தகரக் குழாய் இருக்கே, நீங்க கீழ அதோட வாய்கிட்ட நின்னு பேசறது முப்பது வருஷமா அது வழியா எங்களுக்குத் தெளிவாக் கேக்குது. பத்து மணி ஆனா வேலையை நிறுத்திட்டுக் குழாய்கிட்ட வந்துடுவோம். மடிப்பக்கா லீவு போட்டா மறுநாள் கேட்டுத் தெரிஞ்சுக்குவா." மாப்பிள்ளை, நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அடுத்தது, "இங்க மாப்பிள்ளை என்ன சொன்னாலும் சரிங்க அத்தைங்கறாரு. நல்ல பிள்ளைதான். ஆனா சப்புன்னு இருக்கு." அடுத்தது, "பத்து மணி ஆனா காது என்னமோ தேடுது." இப்படி இருபத்திரண்டு செய்தி. தாங்கள் முக்கால் மணி நேரம் விளக்கியபோது ஒரு வார்த்தை விடாமல் கேட்டவள் அவள் ஒருத்திதான் என்பது இப்போதுதான் உறைக்கிறது. தூரத்தில் இருந்தால் எட்டாது, இரண்டு கிலோமீட்டருக்குள் வந்தால்தான் எட்டும் என்று அட்டைப் பெட்டியில் எழுதியிருக்கிறது. நான் அதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே ரேடியோ மறுபடி பேசியது. டீச்சர் இல்லை, தேதி இல்லை, நேரம் இல்லை. "வாசல்ல நிக்கிறேன். பெட்டி கனமா இருக்கு, வந்து எடுங்க. உப்பு அதிகமாப் போட்டீங்களா?"

ரேடியோக்கள் இங்கேயே இருக்கட்டும். நான் பெட்டியை எடுக்கப் போகிறேன். மேலே எழுதியிருப்பது எதையும் தாங்கள் படிக்க வேண்டாம்.