காருக்கு வாங்கிய செருப்பு

குதிகாலில் கொப்புளம் உடைந்து செருப்போடு ஒட்டிக்கொண்டது. ஒவ்வொரு அடிக்கும் வெல்டருக்கு உயிர் போய் உயிர் வந்தது. இத்தனைக்கும் அவனுக்குச் சொந்தமாக ஒரு கார் இருந்தது.

பக்கத்தில் நொண்டிக்கொண்டு வந்த சகலைக்கும் ஒரு கார் இருந்தது.

இரண்டு காரும் வீட்டில் நின்றன. இரண்டு பேரும் ஏழு கிலோமீட்டர் தள்ளியிருந்த கட்டிட வேலைக்கு நடந்து போய்க்கொண்டிருந்தார்கள்.

வெல்டர் கட்டியது அக்காவை. சகலை, அதாவது டைல்ஸ் பதிக்கிறவன், கட்டியது தங்கையை. ஒரே வாசல், எதிரும் புதிருமாக இரண்டு வீடு. வெல்டருடையது மூன்று கை மாறிய எலக்ட்ரிக் கார். சகலையுடையது நாலு கை மாறிய பெட்ரோல் கார். இரண்டுக்கும் மாதத் தவணை. தவணை போக மிஞ்சியதில் இரண்டு வீட்டிலும் அடுப்பு எரிவதே பெரிய காரியமாகிவிட்டது.

அக்காதான் தீர்ப்பு சொன்னாள்.

"ரெண்டு வீட்டுக்கும் ஒரு வண்டி போதும். ஒரு மாசம் கணக்கு எழுதுவோம். எதுக்கு மொத்தச் செலவு கம்மியோ அது நிக்கட்டும். இன்னொண்ண வித்துருங்க."

தோற்றவன் ஜெயித்தவனுடைய காரின் பின்சீட்டில் உட்கார்ந்து, 'சகல, கொஞ்சம் கடைப்பக்கம் விடேன்' என்று சாகும்வரை கெஞ்ச வேண்டும். அதற்குப் பதில் முகமூடி இல்லாமல் பற்றவைக்கவும் வெல்டர் தயாராக இருந்தான்.

அந்த வாசலில் லைசென்ஸ் நாலு பேரிடம் இருந்தது. ஓட்டும் உரிமை மட்டும் இரண்டு பேருக்குத்தான். பெண்கள் எடுத்தால் வண்டியில் கோடு விழும் என்ற விஷயத்தில் மட்டும் சகலைகள் ஒற்றுமை.

முதல் வாரம் வாயாலேயே ஓடியது.

"உன் வண்டி குடிக்கிற பெட்ரோலுக்கு ஒரு யானையே வளர்க்கலாம் சகல."

"யானை செத்தாலும் காசு. உன் பேட்டரி செத்தா வீட்டை வித்தாலும் பத்தாது."

"சாகும்போது பாத்துக்கலாம். உனக்கு ஆயில் மாத்தணும், பெல்ட் மாத்தணும், பிளக் மாத்தணும். பேசாம வண்டியையே மாத்திடு."

இரண்டாம் வாரம் வெல்டருக்கு மூளை வேலை செய்தது. வீட்டில் சார்ஜ் போட்டால்தானே செலவு? கட்டிடத்தில் வெல்டிங் மெஷின் பக்கத்திலேயே காரையும் சொருகினான். மூன்றாம் நாள் சூப்பர்வைசர் பார்த்துவிட்டார்.

"கம்பி பத்தவைக்கச் சொன்னா கார் வளர்க்கிறியா?"

ஒரு நாள் கூலி போயிற்று. அக்கா அதையும் நோட்டில் எழுதினாள்: 'சார்ஜ், ஒரு நாள் கூலி.' எலக்ட்ரிக் கார் ஒரே நாளில் பெட்ரோல் காரைவிட விலை உயர்ந்த சவாரியாகிவிட்டது.

சகலைக்குத் தலைகால் புரியவில்லை. இன்னும் மிச்சம் பிடிக்கலாமென்று மேட்டிலிருந்து இறங்கும்போது இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினான். ஸ்டீயரிங் கல்லாகி, பிரேக் மரமாகி, கார் நேராகப் போய்க் குப்பைத்தொட்டியில் முட்டி நின்றது. முன்விளக்கு போயிற்று. தங்கை எழுதினாள்: 'குப்பைத்தொட்டி, ஒரு விளக்கு.'

கணக்கு மறுபடி சமமானது.

அன்று சாயங்காலம்தான் வெல்டருக்கு ஞானம் வந்தது. நோட்டில் இருப்பது மொத்தச் செலவு. எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று யாரும் கேட்கவில்லை. ஓடாத காருக்கு ஏது செலவு?

மறுநாள் ஆறு மணிக்கெல்லாம் கிளம்பி வாய்க்கால் பாதையில் நடந்தான். திருப்பத்தில் முன்னால் ஒரு முதுகு தெரிந்தது. தெரிந்த முதுகு.

"என்ன சகல, நடை?"

"டாக்டர் நடக்கச் சொன்னாரு. நீ?"

"எனக்கும் அதே டாக்டர்தான்."

அதற்குப் பிறகு தினமும் பதினாலு கிலோமீட்டர். வெல்டரின் செருப்பு அறுந்தது. புதுசு வாங்கினான். நோட்டில் 'காருக்குச் செருப்பு, 280' என்று விழுந்தது.

"காருக்கு எதுக்குடி செருப்பு?"

"கார் ஓடியிருந்தா செருப்பு அறுந்திருக்குமா?" என்றாள் அக்கா.

சகலைக்கு முழங்கால் வீங்கியது. 'காருக்கு முட்டிப்பட்டி, 250.' பிறகு தைலம், பஞ்சு. இரண்டு பேரும் வீட்டுக்கு வந்ததும் விழுந்தால் காலையில்தான் எழுந்தார்கள்.

மூன்றாம் வாரம் வெல்டர் தன் காரில் எட்டிப் பார்த்தான். ஓட்டுநர் சீட் முன்னால் இழுத்துவிடப்பட்டிருந்தது. சகலை குள்ளம்.

"என் வண்டியை நீ எடுத்து ஓட்டுறியா? எனக்குச் செலவு ஏத்தப் பாக்கிறியா?"

"நடக்கவே கால் இல்ல, நான் எங்கேயா உன் பொம்மைக்காரை ஓட்டுறது?" என்றவன் குரலைத் தாழ்த்தினான். "என் வண்டியிலதான் அதிசயம் நடக்குது. கால் டேங்க் விட்டுட்டுப் போனேன். இப்ப அரை டேங்க் இருக்கு."

"நின்ன இடத்துல பெட்ரோல் சுரக்குதாக்கும்?"

"அதான் சொல்றேன். பெட்ரோல் வண்டிக்கு உள்ள ராசி உன் கரண்டு வண்டிக்கு வராது."

வெல்டர் நம்பவில்லை. மறுநாளிலிருந்து சாவியையும் தோளில் ஐந்து கிலோ சார்ஜர் பையையும் சுமந்துகொண்டே நடந்தான். கால்வலியோடு தோள்வலியும் சேர்ந்தது. உதிரிச் சாவி அக்காவின் அலமாரியில் இருப்பது அவனுக்கு நினைவுக்கு வரவில்லை.

கடைசி வாரம் ஒரு மழை. வாய்க்கால் பாதை முழுகிவிட, தலையில் சிமென்ட் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு மெயின் ரோட்டில் போனார்கள். பின்னாலிருந்து வந்த ஒரு கார் பள்ளத்தில் இறங்கி, இரண்டு பேர் மேலும் இடுப்புவரை சேற்றை அப்பிவிட்டுப் போனது. சாக்கை விலக்குவதற்குள் மறைந்துவிட்டது.

"கார் வச்சிருக்கிற திமிரு!" என்று கத்தினான் சகலை.

"நடக்கிறவன் வலி கார்ல போறவனுக்கு எங்க தெரியும்?" என்றான் வெல்டர்.

கணக்கு முடிகிற ஞாயிற்றுக்கிழமை வந்தது. கார் புரோக்கர் வாசலில் நின்று இரண்டு வண்டியையும் சுற்றிச்சுற்றி வந்தார். அக்கா கூட்டினாள், தங்கை சரிபார்த்தாள்.

"எலக்ட்ரிக், நாலாயிரத்து நூத்திப் பத்து. பெட்ரோல், நாலாயிரத்து நூறு."

"பத்து!" சகலை முட்டிப்பட்டியோடு குதித்தான். "ஏறு சகல பின்சீட்டுல!"

"நில்லுடா. போன செவ்வாய்க்கிழமை வழியில உக்காந்து டீ குடிச்சியே, அது எங்க?"

"டீயும் வண்டிச் செலவா?"

"செருப்பு வண்டிச் செலவுன்னா டீயும் வண்டிச் செலவுதான். கால் வலிச்சுத்தானே உக்காந்தே?"

தங்கை பேனாவை எடுத்து 'காருக்கு டீ, 10' என்று எழுதினாள். சமம்.

புரோக்கர் பொறுமை இழந்தார். "எதுன்னு சொல்லுங்கம்மா. பெட்ரோல் வண்டிக்கு இப்பவே காசு தர்றேன்."

அக்காவும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த நேரம் பார்த்து, அடுத்த தெருவில் குடியிருக்கும் பேக்கிங் கம்பெனிப் பெண் வண்டி விற்கிற சேதி கேட்டு மூச்சிரைக்க ஓடி வந்தாள். அக்கா கண்ணைக் காட்டினாள், உதட்டைக் கடித்தாள். வந்தவள் எதையும் கவனிக்கவில்லை. அவள் பார்வை வெல்டரின் குதிகாலிலும் சகலையின் முழங்காலிலும் இருந்தது.

"அட, அன்னிக்கு மழையில நாம சேறு அடிச்சிட்டுப் போனது இவங்க மேலதானேக்கா, பாவம் ஏத்திக்கலாம்னு நான் சொன்னதுக்குக்கூட 'வேணாம், அவங்க காசு தர மாட்டாங்க'ன்னீங்களே, சரி, பெட்ரோல் வண்டியை மட்டும் வித்துடாதீங்க, நாளைக்கு ஷிப்டுக்கு நாங்க எட்டுப் பேரு ஒரு வண்டியில எப்படி அடங்குறது, என் பாக்கி ரெண்டு வார வண்டிக்காசு எண்ணூறையும் சம்பளம் வந்ததும் தந்துடுறேன்."