ஏசி அலுமாரியும் இருபத்திரண்டு கிண்ணம் வட்டிலாப்பமும்

அன்று மருதமுனை வீட்டில் இருந்தவர்களைச் சரியாகச் சொல்லிவிடுகிறேன்: மாமா, மாமி, என் மனைவி றிஸ்வானா, நிக்காஹ் முடிந்த அவள் தங்கை, புது மாப்பிள்ளை இர்ஷாத், அவரோடு வந்த பதினோரு பேர், இருபத்திரண்டு கிண்ணம் வட்டிலாப்பம், நான்.

தங்கைக்குக் கொடுத்த அந்தப் புது வீட்டில், கட்டாரில் வேலைசெய்யும் மச்சான் அனுப்பிய ஏசி இருந்தது. இயந்திரம் விறாந்தை அலுமாரிக்குள். குளிரைக் கூட்டிக் குறைக்கச் சுவரில் ஒரு சின்னத் திரை. அந்தக் குளிரைப் பற்றி மாமா மாப்பிள்ளை வீட்டாரிடம் வாய் வலிக்கப் பெருமையடித்திருந்தார். அவர்கள் வர ஒரு மணித்தியாலம் இருக்கையில்தான் திரை செத்துக் கிடந்ததைக் கண்டோம்.

"ஏசி திருத்துற பாஸக் கூப்பிடுவமா?" என்றார் மாமா.

"தேவல்ல மாமா, நான் பாக்கிறன்."

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கு மாமா ஒரு வேலையை நம்பித் தந்தது அதுதான் முதல் தடவை. (வானம் இருட்டினாலே மெயின் சுவிட்சை நிறுத்துகிறவன் நான்.)

கட்டாருக்கு வீடியோ கோல் எடுத்தேன். "திரைக்கு வாறது இருபத்திநாலு வோல்ட்தான் மச்சான், ஷொக் அடிக்காது" என்றார். ரப்பர் செருப்பு, பாத்திரம் கழுவும் கையுறை சகிதம் பிளாஸ்டிக் கதிரையில் ஏறி, ஆயத்துல் குர்ஸி ஓதி, திரையைக் கழற்றினேன். சிவப்பும் நீலமுமாக நூல்போல இரண்டு வயர். டெஸ்டரை வைத்தேன், எரியவில்லை. (அவ்வளவு சின்னக் கரண்டுக்கு டெஸ்டர் எரியவே எரியாதாம்.) வெறும் கம்பி யார் கையிலாவது பட்டு மவுத்தாகிவிட்டால்? இரண்டையும் ஒன்றாக முறுக்கி டேப் சுற்றினேன். பாதுகாப்புக்கு.

மாப்பிள்ளை வந்தார். ஷேர்வானிக்குள் வியர்த்து வழிந்தார். றிஸ்வானா அலுமாரியைத் திறந்து, ஏசிக் குளிரில் இறுகட்டும் என்று காலையில் அடுக்கிவைத்த, முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து அவித்த வட்டிலாப்பத்தை எடுத்தாள். கதவைச் சாத்தினாள். உள்ளே 'டிக்' என்றது. ஷொக் என்று நினைத்து, இன்னும் கதிரையில் நின்ற நான் பாய்ந்து, மாப்பிள்ளையின் பெரியவாப்பா மடியில் போய் விழுந்தேன்.

இஞ்சினியரான இர்ஷாத் எழும்பி வந்தார். அலுமாரியைப் பார்த்தார். என் டேப்பைப் பார்த்தார். மூத்தவன் என்ற மரியாதையோடு சொன்னார்:

"காக்கா, இந்தக் கதவு இறுகச் சாத்தினாத்தான் திரைக்குக் கரண்ட் போகும். வட்டிலாப்பம் கதவ முட்டிக்கிட்டு இருந்திரிக்கி. வேற ஒரு பழுதும் இல்ல."

"அல்ஹம்துலில்லாஹ். அப்ப இப்ப சரிதானே?"

"இப்ப கரண்ட் வந்திட்டு. நீங்க முறுக்கின முறுக்கில ஃபியூஸ் போயிட்டு."

என் முறுக்கை அவிழ்த்து, வயர்களைப் பழையபடி பூட்டி, வாசலில் பூச்சோடித்து நின்ற தன் கல்யாணக் காரிலிருந்து ரேடியோ ஃபியூஸைக் கழற்றிவந்து போட்டார். திரை எரிந்தது: முப்பத்துநான்கு பாகை. எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். மாமா என்னைப் பார்த்தார்.

இப்போது வீட்டில் எது பழுதானாலும் மாமா முதலில் கேட்பது, "மூத்த மருமகன் எங்க நிக்கிறார்?" நான் தூரத்தில் நிற்பது உறுதியான பிறகே பாஸுக்குக் கோல் எடுப்பார். பெருநாளுக்குப் பெருநாள் இர்ஷாத் வட்டிலாப்பக் கிண்ணத்தோடு பக்கத்தில் வந்து குந்துவார்.

"காக்கா, அந்த ஃபியூஸ் காசு?"

நீட்டினால் வாங்க மாட்டார். "தந்து முடிச்சா நாங்க பொறகு என்னத்தக் கதைக்கிற?"

ஆகவே இன்றுவரை பாக்கி: நூற்றைம்பது ரூபா.